எழுபத்திரண்டாவது எஸ்

கோடக்காவுக்கு அந்தப் பெயர் வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. நில அளவை வரைபட அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரம், அளவுகோல் எட்டாத தூரத்தில் கிடந்தது. எழுந்துபோய் எடுக்கச் சோம்பல்பட்டு மைப்பேனாவால் வெறுங்கையில் ஓர் எல்லைக்கோட்டை இழுத்துவிட்டாள். மேற்பார்வையாளர் சந்தேகத்தோடு வந்து அளவுகோலை வைத்துப் பார்த்தார். நூல் பிடித்த மாதிரி இருந்தது. "இனிமே இந்தம்மா பேரு கோடு" என்று சொல்லிவிட்டுப் போனார். பின்னால் வேலைக்கு வந்தவர்கள் மரியாதைக்கு ஓர் அக்காவை ஒட்டவைத்தார்கள். இப்போது சம்பளப் பட்டியலில் இருக்கும் அவளுடைய பெயரைச் சொன்னால் அலுவலகத்தில் பாதிப் பேர் திருதிருவென்று விழிப்பார்கள்.

சாய்வு மேசைகளும் மைப்பேனாக்களும் போய்க் கணினி வந்தபோது, இரண்டாவது மாடியில் கண்ணாடி அடைத்த குளிர் அறையில் ஒரே ஒரு பெரிய யூனிக்ஸ் கணினியை வைத்தார்கள். நாற்பத்து மூன்று வரைவாளர்களின் திரைகளும் அதோடுதான் இணைந்திருந்தன. அதோடு ஏழு தடித்த கையேடுகளும் வந்தன. மற்றவர்கள் அவற்றைத் திரைக்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தினார்கள். கோடக்கா அவற்றை, மற்றவர்கள் தொடர்கதை படிப்பதுபோல், மதிய உணவு நேரத்தில் முதல் பக்கத்திலிருந்து படித்தாள். கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பதவி உயர்ந்து மேலாளர் ஆனதும், "நீங்கதான் புத்தகமெல்லாம் படிக்கிறீங்களே" என்று பொறுப்பை அவள் தலையில் கட்டினார்கள். அது நடந்து ஒன்பது வருஷம்.

அந்த ஒன்பது வருஷமும் அவள் பேர் கெடாமல் கழிந்தது. மைக்காரர் சம்பவம் நடந்தது அதற்குப் பிறகு.

மைக்காரர் பிளாட்டரைப் பார்த்துக்கொள்பவர். பிளாட்டர் என்பது ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு நீளமான இயந்திரம். பேனாக்களைப் பிடித்துக்கொண்டு பெரிய காகிதத்தில் வரைபடத்தைத் தானே வரையும். பேனாக்களுக்கு மை மாற்றி மாற்றி அவருடைய விரல்நகம் பத்தும் நிரந்தரமாக நீலம். கணினியில் 'வரை' என்றொரு நிரலை இயக்கினால் பிளாட்டர் வேலை செய்யும். வரைந்ததன் நகல் ஒன்றை எங்கே சேமிக்க வேண்டும் என்று அந்த நிரல் ஒரு கேள்வி கேட்கும். ஒரு செவ்வாய்க்கிழமை மைக்காரர் அந்த இடத்தில் பெயரைத் தப்பாக அடித்துவிட்டார். தண்ணீர்க்குழாய்ப் பிரிவு மூன்று வாரம் உட்கார்ந்து திருத்திய கிழக்குப் பகுதியின் மூல வரைபடம் அழிந்து, அதன் இடத்தில் யாருடைய கொல்லைப்புறத்து அளவோ வந்து உட்கார்ந்தது.

காப்பு நாடாவிலிருந்து பழையதை மீட்டெடுத்து, விட்டுப்போனதை மறுபடி வரைய இரண்டு நாள் பிடித்தது. தண்ணீர்க்குழாய்ப் பிரிவுக்காரர்கள் மைக்காரரைப் பார்வையாலேயே எரித்தார்கள். மேலாளர் 'பொறுப்பற்ற கவனக்குறைவு' என்று எச்சரிக்கை ஓலையை நீட்டிவிட்டார்.

மைக்காரர் அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கோடக்காவின் மேசைக்கு வந்தார்.

"தப்பா அடிச்சது நான்தான் அக்கா. இல்லைன்னு சொல்லலை. ஆனா ஒண்ணு புரியலை. அந்தக் கோப்பை நானா திறக்கப் போனா, உனக்கு அனுமதி இல்லைன்னு என்னைத் துரத்திவிடும். அன்னைக்கு மட்டும் எப்படி உள்ள விட்டுச்சு?"

கோடக்கா அப்போதே தன் திரைப் பக்கம் திரும்பித் தேடத் தொடங்கினாள்.  

விஷயம் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. அந்தக் கணினியில் எந்த நிரலும் அதை இயக்குகிறவரின் அதிகாரத்தோடுதான் ஓடும். மைக்காரர் இயக்கினால் மைக்காரர் தொடக்கூடியதை மட்டும்தான் தொடும். ஆனால் சில நிரல்களின் அனுமதி வரிசையில், எக்ஸ் என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எஸ் என்ற எழுத்து இருக்கும். அந்த எஸ் இருந்துவிட்டால், இயக்குகிறவர் யாராக இருந்தாலும் நிரல் தன் உரிமையாளரின் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு ஓடும். உரிமையாளர் ரூட் என்ற கணக்காக இருந்தால், அந்தக் கணினியில் அதற்கு மேல் ஆள் கிடையாது. எதையும் படிக்கலாம், எதையும் அழிக்கலாம். இப்படி ஒரு ஏற்பாடு தேவைப்படும் இடங்களும் உண்டு. எல்லாருடைய கடவுச்சொல்லும் இருக்கும் கோப்பில் ரூட் மட்டும்தான் எழுத முடியும். ஆனால் அவரவர் கடவுச்சொல்லை அவரவர் மாற்றியாக வேண்டும். அதனால் கடவுச்சொல் மாற்றும் நிரலுக்கு அந்த எஸ் வேண்டும்.

படம் வரைகிற நிரலுக்கு அது எதற்கு? 'வரை'யின் உரிமையாளர் ரூட். எஸ் பளிச்சென்று இருந்தது. மைக்காரர் அடித்த எழுத்துப்பிழை, ராஜாவின் முத்திரையோடு போய்ச் சேர்ந்திருக்கிறது.

இதே மாதிரி இன்னும் எத்தனை என்று கணினியைத் தேடச் சொன்னாள். பட்டியல் திரையைத் தாண்டி ஓடியது. அச்சடித்து எண்ணினாள். எழுபத்தொன்று.

மேலாளரிடம் போய்ச் சொன்னாள். 'வரை'யை எழுதியவரே அவர்தான் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அந்தப் பெயரை மட்டும் எடுக்காமல் பொதுவாகப் பேசினாள்.

"எழுபத்தொன்னா? இருக்கட்டுமே. இத்தனை வருஷமா ஓடிட்டுதானே இருக்கு" என்றார் அவர், கையெழுத்துப் போடுவதை நிறுத்தாமல்.

"தேவையில்லாததை எடுத்துடலாம்னு பார்க்கறேன் சார்."

"எடுங்க. எடுத்து யார் வேலையாவது நின்னா, முதல்ல உங்களைத்தான் கேப்பேன்."

இதற்கு அனுமதி என்று பெயர் வைத்துக்கொண்டு கோடக்கா வெளியே வந்தாள்.

ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் வாங்கினாள். ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு பக்கம். என்ன பெயர், யார் பயன்படுத்துகிறார்கள், அந்த எஸ் இல்லாவிட்டால் என்ன நிற்கும். விடை தெரியாத பக்கத்தோடு ஆட்களைத் தேடிப் போனாள். நாற்பத்து மூன்று பேரின் மேசைக்கும் போனாள். சிலரிடம் மூன்று முறை. "அக்கா நோட்டோட வர்றாங்க" என்று சொல்லிக்கொண்டு சிலர் கழிவறைப் பக்கம் நழுவினார்கள்.

முதல் பலி சீட்டாட்டம். கணினியோடு வந்த அந்த விளையாட்டுக்கு, வென்றவர்களின் பெயரை ஒரு கோப்பில் எழுதுவதற்காக யாரோ ரூட்டின் முழு அதிகாரத்தையும் கொடுத்துவைத்திருந்தார்கள். எஸ்ஸை எடுக்குமுன் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தாள். முதல் இருபது இடமும் தபால் பிரிவு அம்மாவுக்கு. கணினி என்றாலே தலைவலி என்று சொல்லித் திரையைத் துணிபோட்டு மூடிவைத்திருப்பவர் அவர்.

"யாரோ என் பேர்ல ஆடியிருக்காங்க" என்றார் தபால் பிரிவு அம்மா.

"இருபது தடவையும் ஜெயிச்சிருக்காங்க."

"அப்படியா? கெட்டிக்காரங்கதான்" என்று சொல்லிவிட்டு அவர் உறைகளை அடுக்கத் தொடங்கினார்.

பத்தொன்பது நிரல்கள் எதற்கென்றே யாருக்கும் தெரியவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் கழித்துக்கட்டிய அச்சு இயந்திரத்துக்கு மூன்று, தொலைபேசிக் கம்பியே இல்லாத அறையிலிருந்து வெளியே எண் சுழற்ற இரண்டு, ஆள் இல்லாத வீட்டில் எரியும் விளக்குகளைப்போல் கிடந்தன. எல்லாவற்றையும் எடுத்தாள். காப்பு நாடா ஓட்டும் நிரலுக்கு முழு அதிகாரம் தேவைப்படவில்லை. நாடா இயந்திரத்தைத் தொட அனுமதி உள்ள ஒரு குழுவை உண்டாக்கி, நாடா ஓட்டும் மூன்று பேரை அதில் சேர்த்தாள். கணினியை அணைக்கும் நிரல்தான் அவளை நாற்காலியிலிருந்து எழவைத்தது. நாற்பத்து மூன்று பேரில் யார் வேண்டுமானாலும் மொத்தக் கணினியையும் நிறுத்தலாம். மின்சாரம் போனால் பக்கத்தில் இருப்பவர் நிறுத்தட்டும் என்று ஒரு காலத்தில் செய்த ஏற்பாடு. அதற்கு எஸ் தேவைதான்; இயக்கும் உரிமையை மட்டும் மாடிக்கு இருவராக ஆறு பேருக்குச் சுருக்கினாள்.

காலை எட்டரைக்கு, ஆட்கள் வருவதற்கு முன்னால், ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் இல்லை. ஒரு வாரம் யாரும் குறை சொல்லவில்லை என்றால் அந்தப் பக்கத்தில் ஒரு டிக். அதுதான் அவளுடைய கணக்கு.

வீட்டில் இதைக் கேட்டு அதிகம் மகிழ்ந்தவர் அவள் கணவர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுப்பவர் அவர். கற்றுக்கொள்கிறவரின் இடப்பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை நம்பி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பிழைப்பு நடத்துபவர்.

"அப்போ இத்தனை நாளா உங்க ஆபீஸ்ல சீட்டாட்டத்துக்குக்கூட உன்னளவு அதிகாரமா?"

"எனக்கு மேலங்க. நானே ரூட்டா மாறணும்னா கடவுச்சொல் அடிக்கணும். அதுக்கு அதுவும் வேண்டாம்."

அவள் அண்ணி என்று கூப்பிடும் கணவரின் அக்கா, மருத்துவமனையில் செவிலியர், சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க வார்டுல இப்படி இருந்தா பாதிப் பேரு போய்ச் சேர்ந்திருப்பாங்க. உங்களுக்கு ஒரு குழாய்ப் படத்தோட போச்சு" என்றார். அந்த வீட்டில் அண்ணி வாயிலிருந்து வந்தால் அது பாராட்டு.

ஆறு வாரம் இப்படிப் போனது. டிக்குகள் ஐம்பதைத் தொட்டன. வேலை ஒன்றும் நிற்கவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. ஒரு வியாழக்கிழமை கோடக்காவுக்குக் கை துறுதுறுத்தது. ஒரு நாளைக்கு மூன்று என்பதை விட்டுவிட்டு, பன்னிரண்டு பெயர்களை ஒரே வரியில் அடித்து, பன்னிரண்டின் எஸ்ஸையும் ஒரே தட்டலில் எடுத்தாள். ரூட்டிலிருந்து வெளியேறித் தேநீர் குடித்துவிட்டு வந்தாள். மறுபடி ரூட்டாக மாறப் பார்த்தாள். முடியவில்லை. கடவுச்சொல் சரிதான். இன்னொரு முறை. முடியவில்லை.

அந்தப் பன்னிரண்டில் ஒன்று 'சு'. சாதாரணக் கணக்கிலிருந்து ரூட்டாக மாறுவதற்கான நிரலே அதுதான். பட்டியலில் அடுத்தடுத்து இருந்த இரண்டு பெயர்களில் கண் ஒரு வரி தவறி இறங்கியிருக்கிறது. வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டு உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டாள்.

ஒரே வழி, கணினி அறைக்குள் போய்ப் பெரிய கணினியின் சொந்தத் திரையில் நேரடியாக ரூட்டாக நுழைவது. அந்த அறையின் சாவி மேலாளரிடம். மேலாளர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த மூன்று பேரோடு தன் அறையில் கூட்டத்தில் இருந்தார்.

கோடக்கா கதவைத் தட்டி உள்ளே போனாள். நாலு தலைகள் திரும்பின.

"கணினி அறைச் சாவி வேணும் சார்."

"எதுக்கு?"

வேறு யாராக இருந்தாலும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள். "எடுக்கக் கூடாத ஒண்ணை எடுத்துட்டேன் சார். இப்ப என்னால ரூட்டா மாற முடியலை" என்றாள்.

வந்திருந்தவர்களில் ஒருவர் இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார். மேலாளர் சாவியைக் கொடுக்கவில்லை. "இதுக்கெல்லாம் சாவி எதுக்கு?" என்று தன் மேசைத் திரையை இழுத்துவைத்து, நாலைந்து தட்டுத் தட்டினார். "சரியாயிடுச்சு. போய் வேலையைப் பாருங்க. கொஞ்சம் நிதானமா."

மதியத்துக்குள் கதை மூன்று மாடிக்கும் பரவிவிட்டது. "அக்கா தன்னையே வெளிய தள்ளிக் கதவைச் சாத்திக்கிட்டாங்க" என்று மாடிப்படியில் யாரோ சொல்வது காதில் விழுந்தது. நோட்டைப் பார்த்து ஓடியவர்கள் இப்போது நின்று சிரித்தார்கள். கோடக்காவுக்கு முகம் எரிந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வைத்தாள்.

ஆனால் அவமானம் ஒரு பக்கம் குடைய, இன்னொரு பக்கம் வேறொன்று குடைந்தது. 'சு' செத்துக் கிடந்தது. அறைக்குள்ளும் அவர் போகவில்லை. பிறகு மேலாளர் எப்படி ரூட்டாக மாறினார்?

தன் பழைய தேடலை எடுத்துப் பார்த்தாள். அமைப்பின் நிரல்கள் இருக்கும் முதல் வட்டில் மட்டும்தான் தேடியிருந்தாள். ஆட்களின் சொந்தக் கோப்புகள் இருக்கும் இரண்டாம் வட்டில் நிரல் எதற்கு இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டாள். இப்போது அங்கேயும் தேடினாள். ஒரே ஒரு வரி வந்தது. மேலாளரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் அடைவுக்குள், சாதாரணமாகப் பட்டியலிட்டால் கண்ணுக்குத் தெரியாதபடி புள்ளியில் தொடங்கும் ஒரு பெயர். ரூட் உரிமையாளர். எஸ். உள்ளே இருந்தது கட்டளை வாங்கும் ஷெல்லின் நகல். அதை யார் இயக்கினாலும், கடவுச்சொல் இல்லாமல், கேள்வி இல்லாமல், அந்த நொடியே ரூட். தேதி பதினொரு வருஷத்துக்கு முந்தையது.

எழுபத்திரண்டாவது. மற்ற எழுபத்தொன்றையும் தராசின் ஒரு தட்டில் வைத்தாலும் இதற்கு ஈடாகாது.

மறுநாள் காலை கோடக்கா மேலாளர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஒன்பது வருஷத்தில் அவள் அந்தக் கதவைச் சாத்தியது அதுவே முதல் தடவை.

"சார், உங்க அடைவுல ஒரு நிரல் இருக்கு."

அவர் உடனே புரிந்துகொண்டார். முகத்தில் ஓர் இறுக்கம். "அது என் வசதிக்கு வச்சது. நான் கணினியைப் பார்த்துட்டிருந்த காலத்துல, அவசரம்னா ஓடி வரணுமேன்னு. அது அங்க இருக்கறது யாருக்கும் தெரியாது."

"எனக்கு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுது சார்."

"நீங்க பொறுப்புல இருக்கறவங்க. மத்தவங்களுக்கு?"

கோடக்கா அவருடைய மேசைத் திரையில் 'விருந்தினர்' என்ற கணக்கில் நுழைந்தாள். வெளியாள் வந்தால் வரைபடம் பார்க்க மட்டும் கொடுக்கும் கணக்கு. அதன் கடவுச்சொல் வரவேற்பு மேசையில் ஒட்டியிருக்கும். அந்தக் கணக்கிலிருந்து அந்த நிரலை இயக்கினாள்.

"இப்ப விருந்தினர்தான் ரூட். எதைத் திறக்கணும்னு சொல்லுங்க."

"நான் பூட்டி வச்சிருக்கறதைத் திறங்க பார்க்கலாம்" என்றார் அவர், இன்னும் நம்பாமல்.

அவருடைய அந்தரங்க அடைவில் மேலே இருந்த கோப்பைத் திறந்தாள். அதுதான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஊழியர்களைப் பற்றி மேலாளர் தலைமை அலுவலகத்துக்கு எழுதும் ஆண்டறிக்கை. முதல் பக்கம் அவளுடையதுதான். 'கடும் உழைப்பாளி. சொன்னதைச் செய்வார். தலைமைப் பொறுப்புக்கு ஏற்றவர் அல்லர்.'

இருவரும் அதைப் படித்தார்கள்.  கோடக்கா கோப்பை மூடினாள். குரலில் எதையும் காட்டாமல், "இதே மாதிரி எதையும் திறக்கலாம் சார்" என்றாள்.

 மேலாளர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, அந்த நிரலைத் தானே அழித்தார். எழுந்து போகத் திரும்பியவளை நிறுத்தினார்.

"'வரை'யையும் எடுத்துடணும், இல்லையா?"

"ஆமா சார்."

"அதை நான் எழுதினப்ப பிளாட்டர் வந்து இறங்கி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. மறுநாள் தலைமை அலுவலகத்துலேர்ந்து பார்க்க வர்றாங்க. அனுமதி இல்லை, அனுமதி இல்லைன்னு அடம் பிடிச்சுது. அந்த எஸ்ஸைப் போட்டேன், ஓடிடுச்சு. அப்புறமா எடுத்துக்கலாம்னு நினைச்சேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூலநிரல் என்கிட்ட இருக்கு. சேர்ந்து பார்க்கலாமா?"

நாலு நாள் இருவரும் ஒரே திரையின் முன்னால் உட்கார்ந்தார்கள். மேலாளர் மேல்சட்டையை நாற்காலியில் மாட்டிவிட்டு, முழங்கை வரை கையை மடித்துவிட்டு நிரல் எழுதுவதைப் புதிதாகச் சேர்ந்தவர்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிளாட்டருக்கென்று தனியாக ஒரு கணக்கை உண்டாக்கினார்கள். அந்தக் கணக்குக்குச் சொந்தமானது பிளாட்டர் ஒன்றுதான். வேறு எதையும் அது தொட முடியாது. 'வரை'யின் எஸ் அப்படியே இருந்தது; ஆனால் அதன் உரிமையாளர் இனி அந்தக் கணக்கு, ரூட் அல்ல. நகல் சேமிக்கும் வேலையை அதிலிருந்து வெட்டி எடுத்து, அவரவர் அதிகாரத்தில் ஓடும் தனி நிரலாக்கினார்கள்.

முடிந்ததும் மைக்காரரைக் கூப்பிட்டாள் கோடக்கா.

"அன்னைக்கு அடிச்ச அதே தப்பை அடிங்க."

"வேண்டாம்கா. ஏற்கெனவே ஒரு காகிதம் பையில இருக்கு."

"அடிங்க. நான் நிக்கறேன் இல்ல?"

நீல நகங்களோடு ஒவ்வோர் எழுத்தாக, குண்டு வெடிக்கும் என்று பயந்தவர்போல் அடித்தார். தண்ணீர்க்குழாய்ப் பிரிவின் மூல வரைபடத்தின் பெயர். திரையில் ஒரு வரி வந்தது: அனுமதி இல்லை. மைக்காரர் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். பின்னால் நின்ற மேலாளர் கையை நீட்டினார். மைக்காரர் புரியாமல் தன் கையைக் கொடுத்தார்.

"அது இல்லைங்க. அந்தக் காகிதம்."

சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஓலை வெளியே வந்தது. மேலாளர் அதை வாங்கி, எட்டாகக் கிழித்து, தண்ணீர்க்குழாய்ப் பிரிவின் குப்பைக்கூடையில், அவர்கள் பார்க்கப் போட்டார். "தப்பு என் நிரல் மேல. உங்க மேல இல்லை" என்று அந்தப் பிரிவு முழுவதும் கேட்கும்படி சொன்னார். மைக்காரர் அன்று பிளாட்டருக்கு ஆறு பேனாவும் புதிதாக மாற்றினார். தேவை ஒன்றும் இல்லை.

அடுத்த மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பதினொரு கிளைகளின் கணினிகளையும் வெளியாட்கள் இருவர் வந்து சோதிப்பார்கள். அவர்களுக்கு ஒரு சாதாரண வரைவாளரின் கணக்கு கொடுக்கப்படும். ஐந்து வேலைநாளுக்குள் அதிலிருந்து ரூட்டாக மாற முடிகிறதா என்று பார்ப்பார்கள்.

அவர்கள் இங்கே வருமுன் நாலு கிளைகளை முடித்திருந்தார்கள். செய்தி முன்னாலேயே வந்து சேர்ந்தது. முதல் கிளை நாற்பது நிமிஷத்தில் விழுந்தது. இரண்டாவது மதிய உணவுக்கு முன்னால். மற்ற இரண்டும் முதல் நாளைத் தாண்டவில்லை.

திங்கட்கிழமை வந்தவர்கள் ஒரு பெண்ணும் ஓர் ஆணும். பெண் தலைமை, கட்டைக்குரல், வேகமான விரல்கள். வந்து உட்கார்ந்ததும் செய்த முதல் வேலை, கோடக்கா செய்த அதே தேடல். ரூட்டின் பெயரில் எஸ் உள்ள நிரல்கள் எவை?

ஆறு வரிகள் வந்து நின்றன.

சோதனைக்காரப் பெண் திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். "மீதி எங்க?" என்று தன் கூட்டாளியிடம் கேட்டாள்.

"இவ்வளவுதான் போல."

"போன இடத்துல தொண்ணூறு இருந்துச்சு."

இரண்டாம் வட்டிலும் தேடினார்கள். ஒன்றும் இல்லை. சீட்டாட்டத்தைக் கண்டுபிடித்து ஆசையாகத் திறந்தார்கள். அது இப்போது சீட்டு மட்டும்தான் ஆடியது. செவ்வாய் போனது. புதன் போனது. ஆறு நிரல்களையும் பிரித்து மேய்ந்தார்கள். ஆறும் ஓட்டைகள் அடைத்த புதிய பதிப்புகள். கோடக்கா தன் மேசையில் உட்கார்ந்து வழக்கமான வேலையைப் பார்த்தாள்.  அலுவலகமே பந்தயம் பார்ப்பதுபோல் பார்த்தது. மாடிப்படியில் கேலி செய்தவர்கள் மணிக்கொரு தரம் வந்து, "இன்னும் நிக்குதாக்கா?" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனார்கள்.

வியாழக்கிழமை மதியம் சோதனைக்காரப் பெண் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "கிடைச்சிடுச்சு."

கோடக்கா எழுந்து வந்தாள். மேலாளர் அறையைவிட்டு வெளியே வந்தார். மைக்காரர் ஒரு பேனாவோடு ஓடி வந்தார்.

"'வரை'ன்னு ஒரு நிரல். ரொம்ப நீளமான பேரைக் கொடுத்தா உள்ள தடுமாறுது. அது வழியா நாம சொல்றதைச் செய்ய வச்சாச்சு. உள்ள போயிட்டோம்."

மேலாளரின் முகம் வெளுத்தது. அவருடைய பழைய வரிகளில் ஒன்று இன்னும் அதில் மிச்சம் இருந்திருக்கிறது.

"உள்ள போயிட்டீங்க, சரி" என்றாள் கோடக்கா.  "யாரா போயிருக்கீங்கன்னு கொஞ்சம் பாருங்க."

சோதனைக்காரப் பெண் பார்த்தாள். திரை சொன்னது: பிளாட்டர்.

வரைபடங்களைத் திறக்கப் போனாள். அனுமதி இல்லை. கடவுச்சொல் கோப்பு. அனுமதி இல்லை. மற்றவர்களின் அடைவுகள். அனுமதி இல்லை. அரை மணிநேரம் முட்டி மோதினார்கள். அந்த அரை மணியில் அவர்களால் செய்ய முடிந்த காரியம் ஒன்றே ஒன்று: பக்கத்து அறையில் பிளாட்டர் உயிர்த்தெழுந்து, காகிதத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு பெரிய வட்டம் போட்டது.

மைக்காரர் போய் அந்தக் காகிதத்தைக் கிழித்துக்கொண்டுவந்து நீட்டினார். "உங்களோடதுதானே? எடுத்துட்டுப் போங்க."

முதலில் சிரித்தது சோதனைக்காரப் பெண்தான். பிறகு நாற்பத்து மூன்று பேரும்.

வெள்ளிக்கிழமை மாலை அவர்கள் தோல்வியை எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். 'வரை'யில் ஓட்டை உண்டு, அடைக்க வேண்டும். அதன் வழியே நுழைந்தாலும் பிளாட்டரைத் தாண்டிப் போக வழியில்லை. இதுவரை சோதித்த ஐந்து கிளைகளில் நின்றது இது ஒன்றே. ஓட்டையை மேலாளரும் கோடக்காவும் திங்கட்கிழமை காலையே அடைத்தார்கள். வெள்ளிக்கிழமை புறப்படும்போது சோதனைக்காரப் பெண் கோடக்காவின் நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, நின்றபடியே பத்துப் பக்கம் புரட்டினாள். "இதை யாராவது உங்களைச் செய்யச் சொன்னாங்களா?"

"இல்லைங்க. ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டாரு."

மூன்று வாரம் கழித்து மேலாளர் அவளைக் கூப்பிட்டார். மேசையில் தலைமை அலுவலகத்தின் கடிதம். மற்றப் பத்துக் கிளைகளிலும் இதே வேலையை நடத்தித்தரும் பொறுப்பு, பதவி உயர்வோடு, அவளுக்கு. பரிந்துரைத்தவர் என்ற இடத்தில் மேலாளரின் கையெழுத்து.

"அந்த அறிக்கையில ஒரு வரியை மாத்திட்டேன்" என்றார், சன்னலைப் பார்த்துக்கொண்டு.

"எந்த வரி சார்? நான் ஒண்ணும் படிக்கலையே."

"படிச்சீங்க."

"படிச்சேன் சார்."

மேலாளர் சிரித்துவிட்டார். கோடக்காவும் சிரித்தாள். அதற்குமுன் அந்த அறைக்குள் அவள் சிரித்ததாக யாருக்கும் நினைவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது தபால் பிரிவு அம்மா முதல் ஆளாகக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று மாலை கணவர் பயிற்சிப் பள்ளியின் வண்டியையே கேட்டு வாங்கிவந்து அலுவலக வாசலில் நிறுத்தியிருந்தார். அண்ணி பின்னிருக்கையில், வேலை முடிந்த சீருடையோடு, கடிதத்தை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தார்.

"பத்து ஆபீஸா? அத்தனையும் சுத்தி முடிக்க வருஷம் ஆகுமே. சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவே?"

"இவரு செய்வாரு அண்ணி."

கணவர் வண்டியைக் கிளப்பாமல் திரும்பிப் பார்த்தார். "செய்யறேன். அதுக்கு முன்னாடி நீ இந்தப் பக்கம் வந்து உக்காரு. இன்னைக்கு நீதான் ஓட்டற."

கோடக்கா ஓட்டுநர் பக்கம் போய் உட்கார்ந்து, இருக்கையை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். மூன்றாவது மாடிச் சன்னலில் ஏழெட்டுத் தலைகள் எட்டிப்பார்த்துக் கையசைத்தன. வண்டி வாசலைத் தாண்டிக் கடைத்தெருவுக்குள் திரும்பியது. வழி நெடுகக் கணவரின் கால் பிரேக்கைத் தொடவே இல்லை.